பாலேஸ்வரிக்கு ஒரு போட்டியாளர்

இலங்கையின் சுதந்திரச் சந்தைக்குப் பாலேஸ்வரியால் ஆபத்து இருக்கிறது என்ற விஷயம் ஒரு திங்கட்கிழமை காலையில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நேரம் அவள் சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறிகள் உறுமிக்கொண்டு நிற்கும் பெரிய வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு ஒழுங்கை. அதில் பாலேஸ்வரியின் வீடு. வீட்டின் முன்னறைதான் கடை. உட்கார இரண்டு வாங்குகள், ஒரு மேசை, ஒரு பெரிய தோசைக்கல். கணவர் சிவானந்தன் உயிரோடு இருந்த காலத்தில் தொடங்கியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவளை நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நடக்க வைத்தது அந்தக் கல்தான். அது சூடாக இருக்கும்வரை அவள் யாரிடமும் கையேந்தத் தேவையில்லை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியவே வந்து தின்றுவிட்டு, மத்தியானத்துக்கும் கட்டிக்கொண்டு போவார்கள்.

ஆபத்தைக் கண்டுபிடித்தது நியாயப் போட்டி மற்றும் நுகர்வோர் நலன் ஊக்குவிப்பு அதிகாரசபை. அந்தப் பெயரை ஒருவர் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கல்லில் கிடக்கும் தோசை கருகிவிடும். கிருலப்பனையில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஏகபோகங்களை ஒழிப்பதற்கென்றே அந்தச் சபையை நிறுவியிருந்தார்கள். நிறுவிய நாளிலிருந்து அது ஒரு ஏகபோகத்தையும் ஒழித்ததில்லை. சோம்பல் என்று சொன்னால் அது அபாண்டம். பாவம், அவர்கள் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அகப்பட்ட பெரிய ஏகபோகங்கள் எல்லாமே அரசாங்க வர்த்தமானியில் அறிவித்து முறைப்படி உண்டாக்கப்பட்டவையாக இருந்து தொலைத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

உழுந்தையே எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு உழுந்து வந்தால் உள்ளூர் விவசாயி அழிந்துபோவான் என்று இறக்குமதியைத் தடை செய்தார்கள். தடை செய்தபின் உழுந்து போதவில்லை. போதாததை நிரப்புவதற்காக, தடை செய்த அதே உழுந்தை இறக்குமதி செய்ய 'தான்யசிறி' என்ற ஒரேயொரு கம்பனிக்கு விசேட அனுமதி கொடுத்தார்கள். விவசாயிக்குப் பழைய விலைதான் கிடைத்தது. தோசை சுடுகிறவர்களுக்கு மட்டும் உழுந்து பவுண் விலைக்கு வந்தது. அதிகாரசபை இதையும் ஆராயாமல் விடவில்லை. அந்த அனுமதிக்கு தான்யசிறியின் முதலாளியும் அவருடைய சொந்தத் தம்பியும் விலை குறிப்பிட்டுக் கேள்விப்பத்திரம் போட்டிருந்தார்கள் என்றும், அண்ணன் தம்பி இருவருக்குமிடையில் மிகக் கடுமையான போட்டி நிலவியது என்றும் கண்டறிந்து, திருப்தியுடன் கோப்பை மூடியது.

ஆனால் ஆண்டறிக்கை எழுதும் காலம் நெருங்கியது. ஒரு ஏகபோகியையாவது காட்டாவிட்டால் அடுத்த வருடம் நிதி கிடையாது. ஆகவே விசாரணை உத்தியோகத்தர் சயந்தன் கொட்டாஞ்சேனைக்கு வந்து, பாலேஸ்வரியின் கடைக்கு முன்னால் நின்று, பெயர்ப்பலகையைப் படம் பிடித்தான். 'சிவானந்தா தோசைக் கடை. எமக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது.

உள்ளே வந்து ஒரு தோசை சாப்பிட்டான். ஆய்வுக்காக இன்னொன்றும் சாப்பிட்டான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினான்.

"அம்மா, இந்த ஒழுங்கையில வேற ஆர் தோசை விக்கினம்?"

பாலேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கடைக்காரியிடம் இப்படிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? "என்னை விட்டா இங்க ஒருத்தரும் இல்லைத் தம்பி. முந்தி ஒராள் மூலையில கடை போட்டுப் பார்த்தவர். ரெண்டு மூண்டு மாசத்தில இழுத்து மூடிப்போட்டார்."

சயந்தன் நிமிர்ந்து பார்த்தான். தானாக வாயைத் திறந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஏகபோகியை அவன் அதுவரை கண்டதில்லை. "அப்ப அவரைச் சந்தையில இருந்து வெளியேத்தினது நீங்களோ?"

"நான் ஏன் தம்பி வெளியேத்த? அவற்ற தோசையைச் சாப்பிட்ட சனமே வெளியேத்திப்போட்டுது."

அவன் மூன்றாவது தோசைக்கும் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

அடுத்த மாதம் விசாரணைக்கு அழைப்பு வந்தது. இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பாலேஸ்வரி கிருலப்பனைக்குப் போனாள். துணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அவளுடைய கடையில் தினமும் சாப்பிடும் துறைமுகக் கிளாக்கர் றேமண்ட். மற்றவள் எதிர்வீட்டு ஐறீன். பிறந்தநாள் வீடுகளுக்கு கட்லட்டும் ரோல்ஸும் செய்து கொடுக்கிறவள். சிவானந்தன் செத்த அன்று வீட்டுக்கு வந்த சனம் முழுவதற்கும் சமைத்துப் போட்டவள். பாலேஸ்வரிக்கும் ஐறீனுக்கும் இடையில் ஒழுங்கையின் அகலத்தைத் தவிர வேறு இடைவெளி இருந்ததில்லை.

விசாரணை மண்டபம் குளிரூட்டப்பட்டிருந்தது. நடுவில் அதிகாரசபையின் தலைவர் கலாநிதி குகதாசன் உட்கார்ந்திருந்தார். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அடுக்குமாடியில் வசிப்பவர். சந்தை பற்றி மூன்று தடித்த புத்தகங்கள் எழுதியவர்.

"முதல்ல ஒண்டு சொல்லவேணும்," என்று அவர் ஆரம்பித்தார். "நான் என்ர வாழ்க்கை முழுக்கச் சந்தையைப் பற்றிப் படிப்பிச்சனான். ஆனா ஒருநாளும் சந்தைக்குப் போய் ஒரு கத்தரிக்காய் வாங்கினதில்லை. அதாலதான் என்னிட்டப் பக்கச்சார்பு எண்டதே இல்லை."

சபை உறுப்பினர்கள் மேசையில் தட்டினார்கள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் ஒரு படம் விழுந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நடுவில் ஒரு முக்கோணம்.

"இதுதான் நிறைபோட்டிச் சந்தை. இதில எண்ணுக்கணக்கில்லாத கடைகள் இருக்கும். எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரிப் பொருள் இருக்கும். எந்தக் கடையில வாங்கினாலும் ஒண்டுதான் எண்டு சனம் நினைக்கும். மிஸிஸ் பாலேஸ்வரி, உங்கட தோசை மற்றவையின்ர தோசையை விட ருசியோ?"

"அப்பிடித்தான் சொல்லுகினம் ஐயா," என்றாள் பாலேஸ்வரி கூச்சத்தோடு.

"அதுதான் பிரச்சினை."

இந்த இடத்தில் றேமண்டுக்கு மனம் பொறுக்கவில்லை. தான் உதவ வேண்டும் என்று எழுந்து நின்றார். "சேர், நான் சாட்சி சொல்றேன். இவங்கட தோசை மாதிரி எங்கயும் கிடைக்காது. விலையை ரெண்டு மடங்கு கூட்டினாலும் நான் இங்கதான் சாப்பிடுவேன்."

சபை உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு றேமண்டை மிகுந்த பரிவோடு பார்த்தார்.

"மிஸ்டர் றேமண்ட், நீங்கள் குடுக்கத் தயாரா இருக்கிற விலைக்கும் உண்மையாக் குடுக்கிற விலைக்கும் இடையில ஒரு வித்தியாசம் இருக்கு. அதுக்குப் பேர் நுகர்வோர் நலன். இவ்வளவு காலமும் அது உங்களிட்டத்தான் இருந்திருக்கு."

றேமண்ட் தன்னையறியாமல் காற்சட்டைப் பொக்கெற்றைத் தொட்டுப் பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாது சேர்."

"எங்களுக்கும் நீங்கள் அறிவிக்கேல்லை. இப்பிடி எத்தனை பேர் பதியாமல் நலனை வச்சுக்கொண்டு திரியினமோ."

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. பாலேஸ்வரி ஒரு மாதத்துக்குள் தனக்கு ஒரு போட்டியாளரைக் கண்டுபிடித்துச் சபையின் முன் நிறுத்தவேண்டும். தவறினால் கடை சீல் வைக்கப்படும். திரும்பி வரும் வழியெல்லாம் பாலேஸ்வரி தெரிந்த ஆட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

போட்டியாளருக்கு எங்கே போவது? தேங்காய்க் கடைக்காரரைக் கேட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கொலன்னாவையில் இருந்த ஒன்றுவிட்ட தம்பியைக் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு விசரே?" என்று அவன் போனை வைத்துவிட்டான். மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் கிடந்தது. கடைசியில் ஒழுங்கையைக் குறுக்கே கடந்துபோய், ஐறீனின் குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, ஒரு உதவி. எனக்கு எதிரா ஒரு கடை போடுவீங்களோ?"

ஐறீன் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். "என்ன பாலேஸ், பைத்தியமா? எனக்குத் தோசை வராதே."

"மா நான் அரைச்சுத் தாறன். சுடவும் காட்டித் தாறன். நீங்கள் என்னை எதிர்த்தாக் காணும்."

"ஒன்ன எதிர்க்க என்னால ஏலாது மேன்."

"எனக்காக எதிருங்கோ அக்கா," என்று பாலேஸ்வரி அழுதுவிட்டாள்.

சிநேகிதி அழும்போது எதிர்க்காமல் இருக்க ஐறீன் கல்நெஞ்சக்காரி இல்லை. அவள் சுட்ட முதல் தோசை இலங்கை வரைபடம் போல் வந்தது. யாழ்ப்பாணம் மட்டும் கருகியிருந்தது. கெடு முடிவதற்குள் அவளையே போட்டியாளர் என்று சபையில் பதிந்தார்கள். நாள் போகப்போகக் கை திருந்தியது. விடியக்காலையில் பாலேஸ்வரி இரண்டு வாளி மா கரைப்பாள். ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டியாளரின் வாசலில் வைப்பாள். ஐறீன் பதிலுக்குத் தன் சம்பலில் பாதியைக் கொடுத்தனுப்புவாள். றேமண்ட் நியாயமான மனிதர். ஒரு தோசையை இந்தக் கடையிலும் அடுத்ததை அந்தக் கடையிலும் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் ஐறீன் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நவநாள் பூசைக்குப் போவாள். அன்றைக்கு அவளுடைய வாடிக்கையாளரைப் பாலேஸ்வரி பார்த்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பாலேஸ்வரி அம்மன் கோயிலுக்குப் போவாள். அன்றைக்கு ஐறீன். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருப்பவர்கள் காலம் காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். நீ உன் சாமியிடம் போய் வா, நான் என் சாமியிடம் போகும்போது நீ பார்த்துக்கொள். இதைச் சட்டம் என்றோ ஒப்பந்தம் என்றோ யாரும் நினைத்ததில்லை.

சயந்தன் நினைத்தான். அவன் மறுபடி வந்து இரண்டு கடையிலும் ஆய்வுக்காகச் சாப்பிட்டான். ஒரே விலை. ஒரே ருசி. ஒரே வாளி. செவ்வாயும் வெள்ளியும் மாறிமாறிப் பூட்டு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கிருலப்பனைக்கு ஓடினான். அதிகாரசபையில் அன்றைக்குச் சந்தோஷத்தில் பால்சோறு பரிமாறினார்கள். ஒரு ஏகபோகத்தைத் தேடிப் போன இடத்தில் ஒரு கூட்டுச்சதியே அகப்பட்டிருந்தது.

இரண்டாவது விசாரணையில் கலாநிதி குகதாசனின் குரல் கோபத்தில் ஏறி இறங்கியது. "சந்தையைக் கிழமை வாரியாப் பங்கு போட்டிருக்கிறியள்! அதுவும் கடவுள்மாரை முன்னுக்கு விட்டு! இது எவ்வளவு பாரதூரமான குற்றம் தெரியுமோ?"

"ஐயா, நீங்கள்தானே போட்டிக்கு ஆள் கேட்டனீங்கள்," என்றாள் பாலேஸ்வரி.

"போட்டி எண்டால் போட்டி மாதிரி இருக்கவேணும். ரெண்டு பேரும் ஒரே விலைக்கு விக்கிறது சதி."

"அப்ப நான் விலையைக் குறைக்கட்டோ?"

"குறைச்சால் அது இவவைச் சந்தையால துரத்திற சூழ்ச்சி."

"கூட்டினா?"

"கூட்டினால் சுரண்டல்."

"பின்ன என்ன விலைக்குத்தான் ஐயா விக்கிறது?"

"அதைச் சந்தை தீர்மானிக்கும்."

"சந்தை எண்டா ஆர்?"

"நீங்கள் ரெண்டு பேரும்தான்."

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கதைச்சு..."

"கதைக்கக் கூடாது!" தலைவர் மேசையில் ஓங்கி அடித்தார்.

ஐறீனுக்கு வாய் சும்மா இருக்காது. "சேர், அந்தத் தான்யசிறிக்காரன் ஒராள்தானே உழுந்து கொண்டு வாறான். அவன ஒரு கேள்வி கேக்க மாட்டீங்களா?"

தலைவர் சாந்தமாகிவிட்டார். விளங்காத பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னார். "அது வர்த்தகக் கொள்கை. அது மூண்டாம் மாடி. இது போட்டி, ரெண்டாம் மாடி. நாங்கள் ஒருத்தற்ற வேலையில ஒருத்தர் தலையிடுறதில்லை. அப்பிடித் தலையிட்டால் மாடிகளுக்கிடையில போட்டி வந்திடும்."

கட்டளை பிறப்பிக்கப்பட்டது. இரண்டு பேரும் இனிமேல் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. மா, சம்பல், சிரிப்பு, சைகை ஒன்றும் ஒழுங்கையைக் கடக்கக் கூடாது. கடவுள் யாராக இருந்தாலும் இரண்டு கடையும் ஏழு நாளும் திறந்திருக்கவேண்டும். கண்காணிப்பதற்குச் சயந்தன் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து ஒழுங்கையின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தான். வெயில் ஏறியதும் ஒரு குடையும் வந்தது.

ஐறீன் தானே உழுந்து வாங்கித் தானே அரைத்தாள். மா ஒருநாள் பொங்கியது, ஒருநாள் பொங்கவில்லை. அவளுடைய வாங்கு காலியாகக் கிடந்ததைப் பாலேஸ்வரி இங்கிருந்து பார்த்தாள். 'உப்பைக் கடைசியாப் போடுங்கோ அக்கா' என்று ஒரு வசனம் சொன்னால் போதும். வாயைத் திறந்தால் சயந்தன் திரும்பிப் பார்ப்பான். அந்தோனியாரிடம் போகமுடியாத செவ்வாய்க்கிழமைகளில் ஐறீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் பாலேஸ்வரியின் கடையில் சனம் நெரிந்தபோது, ஐறீன் தன் யன்னலை அடித்துச் சாத்தினாள். மறுநாள் தன் வாசலில் சோடா வாங்கினால் தோசைக்குத் தள்ளுபடி என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்.

பாலேஸ்வரிக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இவளுக்கு மா கரைத்துக் கொடுத்தது நான், எனக்கே எதிராக மட்டை தொங்கவிடுகிறாளா என்று ஆத்திரம் வந்தது. அவளை எதிர்க்கச் சொல்லிக் கெஞ்சியதும் தானே என்பது அந்த ஆத்திரத்தில் மறந்துபோனது. கடை போய்விடுமோ என்ற பயத்தை விட, எதிர் வாசலில் ஒரு பகை முகத்தைப் பார்த்து நாளைத் தொடங்குவது பெரிய கொடுமையாக இருந்தது. சயந்தன் தன் அறிக்கையில், இருதரப்பும் ஒருவரையொருவர் வெறுக்கத் தொடங்கிவிட்டனர் என்றும், சந்தை ஆரோக்கியமாக இயங்குகிறது என்றும் எழுதினான்.

சந்தை இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பதைக் கண்டு தான்யசிறிக்கும் ஆசை வந்தது. 'தான்யசிறி தோசை மாளிகை' முதலில் வெள்ளவத்தையில் பிரதான வீதியில் திறக்கப்பட்டது. பிறகு கொட்டாஞ்சேனையில், ஒழுங்கை முகப்பிலேயே, கண்ணாடிக் கதவும் குளிர்காற்றுமாக வந்து நின்றது. நாடாவை வெட்டியவர் கலாநிதி குகதாசன். "நேற்று வரைக்கும் இங்க ரெண்டு போட்டியாளர். இண்டைக்கு மூண்டு. என்ர படத்தில ஒவ்வொரு கோட்டிலயும் நலன் கூடிக்கொண்டு போகுது," என்று அவர் பேசினார்.

மாளிகையில் தோசை, உழுந்தின் விலைக்கும் கீழே விற்கப்பட்டது. சூழ்ச்சி என்று பாலேஸ்வரி ஓடிப்போய்ச் சொன்னாள். அதற்குப் பெயர் அறிமுகச் சலுகை என்று சயந்தன் திருத்தினான். அதே கிழமை சில்லறைக் கடைகளில் உழுந்து இல்லாமல் போனது. கேட்டால், தான்யசிறி தன் சொந்தத் தேவைக்கே போதாமல் கஷ்டப்படுகிறது என்றார்கள். உழுந்தில்லாமல் கோதுமை மாவை மட்டும் கரைத்துப் பார்த்தாள் பாலேஸ்வரி. றேமண்ட் பாதித் தோசையை மடித்து வைத்துவிட்டு, "பரவாயில்ல அன்ரி" என்றார். அந்தப் பரவாயில்லையை அவளால் தாங்கமுடியவில்லை.

முதலில் ஐறீன் மட்டையைக் கழற்றினாள். அடுத்த மாதம் பாலேஸ்வரி கல்லைக் கழுவிக் கவிழ்த்தாள். சீல் வைக்க ஒருவரும் வரவேண்டியிருக்கவில்லை. கழுவும்போது அவள் வாய்விட்டு அழுதாள். எதிர்வீட்டு யன்னல் கொஞ்சம் திறந்து, திரும்ப மூடிக்கொண்டது. சயந்தன் கதிரையை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு மாளிகையில் விலை ஏறியது. தோசை மெலிந்தது. றேமண்ட் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று பொக்கெற்றைத் தடவினார். அதற்குள் இருந்ததாகச் சொல்லப்பட்ட நலனை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது.

பாலேஸ்வரிக்கு ரோசம் வந்தது. கிருலப்பனைக்குப் போய் முறைப்பாட்டுக் கருமபீடத்தில் நின்றாள். "தம்பி, இப்ப எங்கட பக்கத்தில ஒரேயொரு தோசைக் கடைதான் இருக்கு. நீங்கள் அதைத்தானே கூடாது எண்டனீங்கள்?"

"உங்கட கடை போட்டி இல்லாத ஒண்டு அம்மா," என்றான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சயந்தன். "இது போட்டியில வெண்டு வந்த ஒண்டு. ஆனாலும் முறையிட உங்களுக்கு உரிமை இருக்கு. நீங்கள் இப்ப வியாபாரி இல்லை. அதால நுகர்வோரா முறையிடலாம். ஒரு நிபந்தனை. அங்க வாங்கியிருக்கவேணும். வாங்கின பொருளோட வரவேணும்."

மறுநாள் காலை தோசை மாளிகைக்குப் போனபோது வாசலுக்கு வெளியே வரிசை நீண்டு கிடந்தது. பாலேஸ்வரி திகைத்துப்போனாள். இந்தத் தோசைக்கா இவ்வளவு கூட்டம்? வரிசையில் றேமண்ட் நின்றார். தேங்காய்க் கடைக்காரர் நின்றார். அவளுக்கு நேர் முன்னால் ஐறீன் நின்றாள். விசாரித்தால், எல்லோரும் முறையிடுவதற்காக வாங்க வந்தவர்கள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இந்த வரிசையைப் பார்த்த முகாமையாளர் முகம் மலர்ந்தார். பாலேஸ்வரியின் முறை வருவதற்கிடையில் விலை இன்னொரு தடவை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள்.

அன்றைக்கே நடந்த மூன்றாவது விசாரணையில், கலாநிதி குகதாசனின் மேசையில் தோசைப் பொதிகள் குவிந்திருந்தன. அவர் ஒவ்வொன்றையும் எண்ணி முடித்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாரும் விரும்பி வாங்கியிருக்கிறியள்."

"விரும்பி இல்லை ஐயா, முறையிடுறதுக்கு," என்றாள் பாலேஸ்வரி.

"பொருளியலில ஒரு விதி இருக்கு. சனம் வாயால சொல்லுறதை நாங்கள் கணக்கில எடுக்கிறதில்லை. கை எதை எடுக்குதோ அதுதான் உண்மையான விருப்பம். வரிசையில நிண்டு, கூடின விலைக்கு வாங்கியிருக்கிறியள். அப்ப அந்தத் தோசை உங்களுக்கு அந்த விலை பெறும். முறைப்பாடு தள்ளுபடி."

"வாங்காமல் வந்திருந்தா?"

"வாங்காதவருக்கு முறையிட உரிமை இல்லை."

"அப்ப ஆர்தான் ஐயா முறையிடலாம்?"

தலைவர் உண்மையாகவே யோசித்தார். "தான்யசிறி முறையிடலாம்," என்றார் கடைசியில். "சந்தையில இப்ப இருக்கிறது அவை மட்டும்தானே."

அந்த நேரம் பார்த்து மத்தியானச் சாப்பாடு வந்தது. சபை உறுப்பினர்களுக்காகத் தோசை மாளிகை அன்பளிப்பாக அனுப்பிய பெட்டிகளைப் பியோன் ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தான். கலாநிதி குகதாசன் தன் பெட்டியை ஒரு விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, காலடியில் இருந்த அடுக்குச் சட்டியை எடுத்துத் திறந்தார். வெள்ளவத்தை வீட்டிலிருந்து வந்த புட்டும் முட்டைப் பொரியலும் மணத்தன.

"ஐயா அதை எடுக்கேல்லையோ?" என்று கேட்டாள் பாலேஸ்வரி.

"எனக்கு அது ஒத்துவராது."

"கை எதை எடுக்குதோ அதைத்தானே பார்க்கவேணும் எண்டு இப்ப சொன்னனீங்கள்?"

தலைவர் புட்டைக் குழைப்பதை நிறுத்தினார். அவருக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு எளிய வேறுபாடு கூட விளங்காத ஒருத்தியைப் பார்த்த சலிப்புத்தான் முகத்தில் இருந்தது.

"மிஸிஸ் பாலேஸ்வரி, நான் நுகர்வோர் இல்லை. நான் தலைவர்."

அவர்களுடைய பொதிகளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். படியில் பாலேஸ்வரி முன்னால் இறங்கினாள். ஐறீன் இரண்டு படி தள்ளிப் பின்னால் வந்தாள். கதைக்கக் கூடாது என்ற கட்டளை இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று இருவருக்கும் தெரியாது. தெருவுக்கு வந்து பஸ் தரிப்பில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். வெயில் கொளுத்தியது. பஸ் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஐறீன் கழுத்தை நிமிர்த்தி, மூக்கில் இல்லாத கண்ணாடியைச் சரிசெய்து, கலாநிதியின் குரலில் சொன்னாள்.

"மிஸிஸ் பாலேஸ்வரி, நான் நுகர்வோர் இல்லை. நான் தலைவர்."

பாலேஸ்வரிக்கு முதலில் இருமல்தான் வந்தது. பிறகு சிரிப்பு பீறிட்டது. ஐறீனும் சிரித்தாள். ஒருத்தி நிறுத்த மற்றவள் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வழிய, ஒருத்தியின் தோளில் ஒருத்தி சாய்ந்து, இத்தனை மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். விடியவே வரிசைக்கு வந்தவர்கள், ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. "காசு குடுத்த சனியன், தின்னுவம்," என்று ஐறீன் பொதியைப் பிரித்தாள். ஆறிப்போன, தடித்த அட்டை போன்ற தோசையைப் பிய்த்து வாயில் வைத்ததும் இரண்டு பேருக்கும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரசபையின் இரண்டாம் மாடி யன்னலில் சயந்தன் கமெராவோடு நின்றதை அவர்கள் காணவில்லை.

அந்த வருடத்து ஆண்டறிக்கை வழுவழுப்பான தாளில் மூன்று மொழிகளிலும் வந்தது. அட்டையில் முழுப்பக்கத்துக்கு ஒரு வர்ணப் படம். பஸ் தரிப்பில் இரண்டு பெண்கள், கையில் தான்யசிறி தோசைப் பொதி, முகமெல்லாம் சிரிப்பு. படத்துக்குக் கீழே ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள்: 'நியாயப் போட்டியின் பயனை அனுபவிக்கும் கொட்டாஞ்சேனை மக்கள்.'